மேகமூட்டமா, கரிமூட்டமா?

சிங்கப்பூருக்கு ஆட்சிமொழிகள் நான்கு. தென்மேற்குப் பருவக்காற்று சுமத்திராவைக் கடந்து வீசும் மாதங்களில் அந்நகரின் வானை மறைப்பது ஒரே பொருள்தான். அதற்கு நான்கு மொழிகளிலும் நான்கு பெயர்கள் வழங்குகின்றன. ஆங்கிலத்தில் 'ஹேஸ்', மலாயில் 'ஜெரெபு'. இவ்விரு சொற்களிலும் புகை இல்லை. வானம் மங்கியிருக்கிறது என்ற செய்தி மட்டுமே உண்டு. சீனச் சொல்லும் தமிழ்ச் சொல்லும் வேறு வகை. இரண்டும் புகையை முதலில் சொல்லிவிட்டே மற்றதைச் சொல்கின்றன. சிங்கப்பூர்த் தமிழ் நாளிதழிலும் வானொலிச் செய்தியிலும் அது 'புகைமூட்டம்'.

இவற்றுள் எந்தச் சொல் பன்னாட்டு உடன்படிக்கையில் ஏறியது என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. எல்லை கடந்து பரவும் இம்மாசு குறித்து 2002 ஜூனில் கோலாலம்பூரில் ஆசியான் நாடுகள் கையெழுத்திட்ட உடன்படிக்கையின் தலைப்பிலேயே 'ஹேஸ்' இடம்பெற்றிருக்கிறது. அதன் வரையறைப் பகுதியில் அச்சொல்லுக்குத் தரப்படும் பொருளைச் சுருக்கினால் இப்படி வரும்: நிலத்திலோ காட்டிலோ பற்றிய தீயிலிருந்து எழுந்து, மனிதரின் உடல்நலத்துக்கும் உயிரினங்களுக்கும் உடைமைகளுக்கும் கேடு விளைக்கும் புகை. புகை என்று பொருள் சொல்லத் தெரிந்தவர்கள் புகை என்றே பெயரிடாமல் விட்டதைத் தற்செயல் என்று கொள்வது கடினம். ஹேஸ் என்பது வானிலைச் சொல். வானிலைக்கு யாரும் பொறுப்பேற்க வேண்டியதில்லை. மழைக்குக் குடை எடுப்பதுபோல இதற்கு முகக்கவசம் எடுத்துக்கொண்டால் போயிற்று.

அந்த 'வானிலை' நகர வாழ்வை என்ன செய்திருக்கிறது என்பதைச் சில ஆண்டுகளை வைத்தே சொல்லிவிடலாம். எல் நினோ வறட்சி நிலவிய 1997இல் சரவாக்கில் நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டது. அதே செப்டம்பரில், புகையால் பார்வைத்தூரம் குறைந்திருந்த வேளையில் மேடான் அருகே ஒரு பயணிகள் விமானம் விழுந்து 234 பேர் இறந்தனர். 2013 ஜூன் 21 அன்று சிங்கப்பூரின் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டெண் 401ஐத் தொட்டது. 300ஐத் தாண்டினாலே அபாயம் என்பது அக்குறியீட்டின் கணக்கு. இரண்டு நாள் கழித்து, மலேசியாவின் மூவாரில் குறியீடு 700ஐயும் தாண்ட, அங்கே நெருக்கடிநிலை வந்தது. 2015 செப்டம்பர் 25 அன்று சிங்கப்பூரின் தொடக்க, உயர்நிலைப் பள்ளிகள் அனைத்தும் மூடப்பட்டன. சார்ஸ் பரவிய 2003க்குப் பின் அப்படி நடந்ததில்லை. அடுத்த மாதம் கோலாலம்பூர் மாரத்தான் கைவிடப்பட்டது. 2019 செப்டம்பரில் மலேசியாவில் மீண்டும் பள்ளிகள் மூடப்பட்டன. இவை செய்தியாகப் பதிவானவை. ஒவ்வொரு மணிநேரமும் கைபேசியில் ஓர் எண்ணைப் பார்த்துவிட்டே குழந்தையை விளையாட அனுப்பலாமா, சன்னலைத் திறக்கலாமா, துணியை வெளியே உலர்த்தலாமா என்று முடிவுசெய்யும் வாழ்க்கை எந்தப் பட்டியலிலும் ஏறுவதில்லை.

இத்தகைய நாள்களின் செய்தி வாக்கியங்களைச் சற்று நின்று படித்தால் ஓர் ஒழுங்கு தென்படும். நகரைப் புகை சூழ்ந்தது. புகை எல்லை தாண்டி வந்தது. புகை பள்ளிகளை மூடவைத்தது. எல்லாவற்றிலும் எழுவாய் புகையே. மொழியியலாளர் ஹாலிடே 1990இல் தெசலோனிக்கியில் ஆற்றிய உரையில், காற்றையும் நீரையும் அளவற்ற பொருள்களாகவும், மனிதரல்லாதவற்றைச் செயலற்றவையாகவும் கட்டமைக்கும் பழக்கம் இலக்கணத்துக்குள்ளேயே படிந்திருப்பதைச் சுட்டினார். சூழலியல் மொழியியல் என்று பின்னர் வளர்ந்த துறைக்கு அவ்வுரை ஒரு தொடக்கம். புகைச் செய்தியில் நிகழ்வது அதன் மறுபக்கம். உயிரற்ற புகைக்கு இங்கே தாராளமாகச் செயல் வழங்கப்படுகிறது. அது நடக்கிறது, நுழைகிறது, முற்றுகையிடுகிறது. புகை இவ்வளவும் செய்கையில், தீயிட்டவர் வாக்கியத்துக்குள் வர இடமில்லை.

தீயைச் சொல்லும் வினையிலும் இதே நிலைதான். 'எரிந்தது' என்பது தன்வினை. 'எரித்தனர்' என்பது பிறவினை. 'எரிக்கப்பட்டது' என்னும் செயப்பாட்டுவினை செய்தவரின் பெயரை மறைத்தாலும், செய்தவர் ஒருவர் உண்டு என்பதையாவது ஒப்புக்கொள்கிறது. 'காடு எரிந்தது' என்னும்போது அந்த ஒப்புதலும் இல்லை. இந்தோனேசிய மொழியில் இவ்வேறுபாடு இன்னும் கூர்மையானது. 'பாகார்' என்ற எரித்தல் வினையிலிருந்து இரண்டு பெயர்ச்சொற்கள் பிறக்கின்றன. 'கெபாகாரான்' என்றால் தீ விபத்து, தானாக நேர்ந்தது. 'பெம்பாகாரான்' என்றால் எரித்தல், ஒருவர் செய்தது. இரண்டுக்கும் வேர் ஒன்று, ஒட்டுகள்தாம் வேறு. காட்டுத்தீயையும் நிலத்தீயையும் சேர்த்துக் குறிக்க அந்நாட்டு அரசு வழங்கும் 'கர்ஹுத்லா' என்ற சுருக்கச்சொல், முதல் சொல்லிலிருந்தே வெட்டி எடுக்கப்பட்டது. ஓர் ஒட்டைத் தேர்ந்ததிலேயே பாதி வழக்கு முடிந்துவிடுகிறது.

தமிழின் 'காட்டுத்தீ'யும் இங்கே உதவாது. மூங்கிலோடு மூங்கில் உரசிப் பற்றுவதாகச் சொல்லப்படும் தீயின் படிமத்தை அது மனத்தில் எழுப்புகிறது. சுமத்திராவிலும் காலிமந்தானிலும் பெரும்புகையைக் கிளப்புவது அவ்வகைத் தீ அன்று; அங்கே மண்ணே எரிகிறது. பீட் எனப்படும் அச்சதுப்புமண், முழுதும் மட்காத இலையும் வேரும் மரத்துண்டும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நீரில் அமிழ்ந்து, பல மீட்டர் ஆழத்துக்குப் படிந்து உண்டானது. நீர் நிற்கும்வரை அது எளிதில் எரியாது. எண்ணெய்ப்பனைக்கும் (மலேசியத் தமிழர் செம்பனை என்பர்) காகிதக்கூழுக்கான வேலமரத் தோட்டங்களுக்கும் வேண்டி வாய்க்கால் வெட்டி நீரை வடித்தபோதுதான் அது விறகாயிற்று. 1990களின் நடுவில் சுகார்த்தோ அரசு, மத்திய காலிமந்தானில் சுமார் 10 லட்சம் ஹெக்டேர் சதுப்பை நெல்வயலாக்கத் திட்டமிட்டு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வாய்க்கால் வெட்டியது. நெல் விளையவில்லை. வாய்க்கால்கள் நிலைத்தன, 1997 முதல் வறட்சி ஆண்டுதோறும் அந்நிலம் எரிகிறது. ஒருமுறை உள்ளே இறங்கிய தீ சுடர்விடாமல், மண்ணுக்கடியில் வாரக்கணக்கில் கனன்றுகொண்டே நகரும். விமானத்திலிருந்து ஊற்றும் நீர் மேற்பரப்பை நனைத்துவிட்டு நின்றுவிடும். பருவமழைதான் அதை அணைக்க வேண்டும்.

இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்தவர்க்கு இந்த எரிமுறையை விளக்க வேண்டியதே இல்லை. சீமைக்கருவேல விறகை அடுக்கி, தழையால் மூடி, மேலே மண் பூசி, தீயிட்டு, காற்றை மட்டுப்படுத்தி நாள்கணக்கில் கனலவிடுவதற்கு அங்கே 'கரிமூட்டம்' என்று பெயர். மூட்டம் என்ற சொல்லில் இரண்டு வினைகளின் ஒலி கேட்கிறது: மூடுதல், மூட்டுதல். மேகமூட்டத்தை ஒருவரும் போடுவதில்லை. அது தானே கவிகிறது. கரிமூட்டத்தை ஆள்தான் போட வேண்டும். யார் போட்டது, யார் நிலத்தில் போட்டது, யார் விறகு என்ற கேள்விகளுக்கெல்லாம் ஊரில் விடை உண்டு. 'புகைமூட்டம்' இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கும் சொல். செய்தித் தமிழ் அதை மேகமூட்டத்தின் தம்பியாகவே நடத்தி வருகிறது. அது கரிமூட்டத்துக்கு நெருங்கிய உறவு என்பதற்கான சான்று சுமத்திராவின் மண்ணுக்கடியில் கிடக்கிறது.

2023 ஜூனில் நியூயார்க்கின் வானம் செம்மஞ்சளானபோது, உலகமே இதைப் புதுக் காட்சியாகக் கண்டது. கனடாவின் கியூபெக் காடுகளிலிருந்து இறங்கிய புகை அது. விமானங்கள் தாமதித்தன, பேஸ்பால் ஆட்டம் தள்ளிவைக்கப்பட்டது, பிராட்வே நாடகங்கள் சில நின்றன. ஆங்கில ஊடகங்கள் அதைத் தயக்கமின்றிப் 'புகை' என்றே எழுதின. கியூபெக் தீயில் பெரும்பகுதி மின்னலால் மூண்டது. மின்னல் மூட்டிய தீக்குப் புகை என்றும், மனிதர் வாய்க்கால் வெட்டி உலர்த்திய நிலத்தின் தீக்கு மங்கல் என்றும் ஒரே மொழி பெயரிட்டிருக்கிறது.

இதுவரை நகரத்தின் பக்கம் நின்றே பேச்சு நடந்தது. தொலைநகரத்துக்கு அது புகை. அருகிலிருப்பவர்க்கு அது மூச்சுக்குப் பதிலாக வரும் பொருள். 2015இல் மத்திய காலிமந்தானின் பாலங்காராயாவில் மாசுக் குறியீடு 1,000ஐத் தாண்டியது. சிங்கப்பூரின் 401 உலகத் தலைப்பானதை நினைத்தால், இந்த எண் எவ்வளவு பேருக்குத் தெரியும் என்பது நியாயமான கேள்வி. அந்நகரத்தார் சிலர் அரசுத் தலைவர் உள்ளிட்டோர்மீது குடிமக்கள் வழக்குத் தொடுத்தனர். 2019இல் உச்ச நீதிமன்றம்வரை சென்று வென்றனர். 2022இல் மறுசீராய்வில் அவ்வெற்றி பறிபோயிற்று. புகைக்கு அண்டை நாடுகள் முறையிட்டபோது, ஆண்டில் பதினொரு மாதம் நல்ல காற்றைப் பெறுபவர்கள் அதற்காக ஒருநாளும் நன்றி சொன்னதில்லையே என்று 2015இல் கேட்டவர் அந்நாட்டின் துணை அரசுத் தலைவர் யூசுப் கல்லா. அப்பேச்சு எரிச்சலூட்டுவதுதான், ஆனால் பாலங்காராயாவின் குழந்தைகளை அவர் எந்தப் பக்கக் கணக்கில் சேர்த்தார் என்பதே கேட்கத்தக்கது. காற்றை ஏற்றுமதிச் சரக்காகக் கருதும் அப்பேச்சில் அவர்களுக்கு இடமில்லை. மறுபக்கம் சிங்கப்பூரும் மலேசியாவும் வெறும் பாதிக்கப்பட்டோர் அல்லர். தோட்ட முதலீட்டிலும் பனையெண்ணெய் வணிகத்திலும் அவ்விரு நாட்டு நிறுவனங்களுக்குப் பெரும்பங்கு உண்டு. நகரத்திலிருந்து பணம் போன வழியிலேயே புகை திரும்பி வருகிறது.

சொல்லை மாற்றினால் தீ அணையுமா என்று சூழல் அறிவியலார் கேட்பர். அணையாது. ஆனால் சட்டம் வரையறையிலிருந்தே தொடங்குகிறது. எழுவாய் இல்லாத வாக்கியத்தை வைத்து எந்த நீதிமன்றமும் தண்டனை வழங்க இயலாது. 2014இல் சிங்கப்பூர் இயற்றிய எல்லை கடந்த மாசுச் சட்டம் இதை உணர்ந்தே எழுதப்பட்டிருக்கிறது. ஒரு நிலத்தில் தீ எரிந்து, அதன் புகை சிங்கப்பூரை நோக்கி வந்திருந்தால், அந்நிலத்தை உடைமையாகவோ அனுபவத்திலோ வைத்திருப்பவரே அதற்குக் காரணம் என்று அச்சட்டம் அனுமானிக்கிறது. இல்லை என்று மெய்ப்பிப்பது அவர் பொறுப்பு. நாளொன்றுக்கு 1 லட்சம் சிங்கப்பூர் வெள்ளி வீதம், 20 லட்சம் வரை தண்டம். காணாமற்போன எழுவாயைச் சட்டம் தானே வரவழைத்து வாக்கியத்தின் தலையில் உட்கார வைத்துவிட்டது என்று இதைச் சொல்லலாம். 2015இல் சில இந்தோனேசிய நிறுவனங்களுக்கு இச்சட்டத்தின்கீழ் அறிவிப்புகளும் சென்றன. ஆனால் யார் நிலம் எதுவரை என்று காட்டும் வரைபடம் இன்னொரு நாட்டின் கையில் இருக்கிறது; அதை முழுமையாகப் பகிர அந்நாடு இணங்கவில்லை. 2002 உடன்படிக்கைக்கு இந்தோனேசிய நாடாளுமன்றம் ஒப்புதல் வழங்கவே 2014 ஆயிற்று. அந்த உடன்படிக்கையிலும் மீறுவோர்க்குத் தண்டனை இல்லை.

இந்தியாவின் பக்கம் திரும்பினால் இலக்கணம் தலைகீழாகிறது. தில்லியின் நவம்பரும் தொலைவிலிருந்து வரும் புகையில் ஒரு பகுதியைச் சுமக்கிறது. பஞ்சாபிலும் அரியானாவிலும் அறுவடைக்குப்பின் எரியும் நெல்தாளின் புகை, வடமேற்குக் காற்றில் சில நூறு கிலோமீட்டர் கடந்து, குளிர்காற்றில் சிக்கி நகர்மேல் தங்குகிறது. இங்கே எரித்தவரை யாரும் மறைப்பதில்லை. 'பராலி' என்ற சொல் வந்தாலே 'விவசாயிகள் எரிக்கின்றனர்' என்ற செய்வினை வாக்கியம் உடன்வரும். அதே பத்தியில் வாகனங்களைப் பற்றிய வரியோ 'வாகனப் புகை அதிகரித்துள்ளது' என்று தன்வினையில் முடியும். கட்டுமானத் தூசு தானே எழுகிறது. அனல்மின் நிலையப் புகை தானே வெளியேறுகிறது. பயிர்த்தாளை மட்டும் ஒருவர் எரிக்கிறார். எரித்தவர்க்கு 2024 நவம்பரில் தண்டம் இரட்டிப்பாயிற்று: 5 ஏக்கருக்கு மேல் நிலமுள்ளோர்க்கு 30,000 ரூபாய்.

இவ்வாக்கியம் பொய்யன்று. எரிப்பவர்கள் விவசாயிகள்தாம்; அறுவடை உச்சத்தில் சில நாள்களில் தில்லியின் நுண்துகள் மாசில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அப்புகையிலிருந்து வருவதாகவே கணக்கீடுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் எரித்தல் முடிந்த டிசம்பரிலும் ஜனவரியிலும் தில்லி அதே காற்றில்தான் திணறுகிறது. அப்போது செய்வினை வாக்கியத்துக்கு எழுவாய் கிடைப்பதில்லை. பனிமூட்டம் என்ற வானிலைச் சொல் திரும்பி வந்துவிடுகிறது. மேலும், விவசாயி ஏன் அந்த இரண்டு மூன்று வாரங்களில் எரிக்கிறார் என்பதற்குள் அரசே எழுவாயாக நிற்கும் வாக்கியங்கள் பல உண்டு. நெல்லுக்கு உறுதியான கொள்முதல் விலை தந்து பஞ்சாபை நெல்லுக்குத் திருப்பியது அரசு. நிலத்தடி நீர் வற்றியதும், ஜூன் 10க்கு முன் நாற்று நடக்கூடாது என்று 2009இல் சட்டம் இயற்றியதும் அரசு. நடவு தள்ளிப்போக, அறுவடையும் தள்ளிப்போயிற்று. கோதுமை விதைப்பதற்குள் வயலை ஒழிக்கக் கிடைத்த அவகாசம் சுருங்கியது. எரியும் காலம் காற்று ஓய்ந்த நாள்களோடு சேர்ந்துகொண்டது. நீரைக் காக்க எழுந்த சட்டம் காற்றைக் கெடுத்ததில் தீய நோக்கம் இல்லை. ஆனாலும் தீப்பெட்டியை உரசிய கையை மட்டும் எழுவாயாக்கும் செய்தி, இந்தச் சங்கிலியில் கடைசிக் கண்ணியை மட்டுமே படம் பிடிக்கிறது. (தஞ்சைப் பகுதியில் குறுவையை அடுத்து வரும் நெற்பயிருக்கே 'தாளடி' என்று பெயர். பஞ்சாபில் அதே தாள், அடுத்த பயிருக்கு வழிவிட எரிய வேண்டிய குப்பை.)

இரண்டு இடங்களையும் சேர்த்துப் பார்த்தால், யாருக்குப் பிறவினை, யாருக்குத் தன்வினை என்பது தீயின் தன்மையைப் பொறுத்து அமையவில்லை என்பது தெரிகிறது. பெருந்தோட்டத்தின் தீ 'எரிந்தது'. ஐந்து ஏக்கர்க்காரரின் தீ 'எரித்தார்'. தமிழ் வினைமுற்று செய்தவரின் இடத்தையும் எண்ணையும் விகுதியில் காட்டியே தீரும் என்பது இலக்கண வகுப்பின் முதல் பாடம். தப்பிக்க விரும்புவோர் விகுதியை மாற்றுவதில்லை, வினையையே மாற்றிவிடுகின்றனர்.

இதன் விலையைச் செலுத்துவோர் இரு நகரங்களிலும் ஒரே வகை மனிதர்கள். சிங்கப்பூரின் கட்டுமானத் தளங்களில் உழைப்போரில் தமிழகத்துத் தொழிலாளர் கணிசமானோர். புகை நாள்களில் வெளிவேலையைக் குறைக்கும்படி முதலாளிகளுக்கு அறிவுறுத்தல்கள் வரும், முகக்கவசம் வழங்கப்படும், சாரத்தின்மீது வேலை பெரும்பாலும் தொடரும். தில்லியில் நேர்மாறு. காற்று மோசமானால் படிநிலைச் செயல்திட்டத்தின்கீழ் கட்டுமானம் நின்றுவிடும். பீகாரிலிருந்தும் புந்தேல்கண்டிலிருந்தும் வந்தவரின் கூலியும் அன்றே நிற்கும். நிறுத்திய நாள்களுக்கு நலநிதியிலிருந்து உதவித்தொகை வழங்குமாறு உச்ச நீதிமன்றம் 2021இலும் 2024இலும் ஆணையிட்டது. நல வாரியத்தில் பதிவுபெற்றவர்க்கே அத்தொகை. பதிவு பெறாதோர்க்கு ஆணை செய்தித்தாளோடு முடிந்தது. ஓரிடத்தில் மூச்சு, இன்னோரிடத்தில் கூலி. காற்றுச் சுத்திகரிப்பான் ஓடும் அறையிலிருந்து இணையவழி வகுப்பு நடத்தும் பல்கலைக்கழகங்கள் இவ்விரண்டையும் இழப்பதில்லை. அவற்றின் ஆய்வேடுகளில் புகை பெரும்பாலும் நுண்துகள் அளவாக மட்டுமே தோன்றுவதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கலாம்.

சிங்கப்பூரில் இயங்கும் ஆசியான் வானிலை மையம், செயற்கைக்கோள் கண்ட தீப்புள்ளிகளை நாள்தோறும் வரைபடத்தில் வெளியிடுகிறது. இந்திய வேளாண் ஆய்வு நிறுவனமும் அறுவடை மாதங்களில் பயிர்த்தாள் எரிந்த இடங்களை மாவட்டவாரியாக எண்ணித் தருகிறது. பஞ்சாபின் புள்ளிக்குக் கீழே இருக்கும் வயல் யாருடையது என்று வருவாய்ப் பதிவேட்டில் சிவப்பு மையால் குறித்துவைக்கும் வழக்கம் வந்துவிட்டது. சுமத்திராவின் புள்ளிக்குக் கீழே இருக்கும் தோட்டம் யாருடையது என்பதை அறிய அந்நாட்டுக் குடிமக்கள் இன்னும் தகவல் உரிமை வழக்காடிக்கொண்டிருக்கின்றனர்.